வாசகர் கேட்டவை: கேடயத்துக்கு முன் ஒரு பக்கம்

கேள்வி: எங்கள் பழைய மாணவர் சங்கம் ஒக்டோபர் 6 ஆம் திகதி ஆசிரியர் தினத்தில் சிறந்த ஆசிரியர் ஒருவருக்கு விருது வழங்க விரும்புகிறது. தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேற்றை அளவுகோலாக வைத்துக்கொண்டால் சச்சரவு வராது என்கிறார்கள் சிலர். அது சரியா? (பழைய மாணவர், மஸ்கெலியா)

பதில்: சச்சரவு வராது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பெறுபேறு யாருடைய உழைப்பைச் சொல்கிறது என்று பாருங்கள். அதிகாலையில் எழுப்பிவிட்டுத் தாய் கொழுந்து மலைக்குப் போய்விட, தலையை வாரிக்கொள்ளவும் தெரியாமல் முதலாம் தரத்துக்கு வந்து நின்ற பிள்ளைக்குப் பென்சில் பிடிக்கப் பழக்கியவர் ஒருவர். எழுத்துக் கூட்டி வாசிக்க வைத்தவர் இன்னொருவர். நான்கு ஆண்டுகள் கழித்து அதே பிள்ளை புலமைப்பரிசிலுக்குத் தகுதிபெறத் தேவையான வெட்டுப்புள்ளியைத் தாண்டும்போது மாலை விழுவதோ ஐந்தாம் தர ஆசிரியரின் கழுத்தில். அவர் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. மாலை வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு என்று அவர் படும் பாட்டை அறியாதவனுமல்ல. அந்த மாலையில் பாதியாவது முதலாம் தரத்து ஆசிரியைக்கு உரியது என்றே சொல்கிறேன்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்றும் உண்டு. வெட்டுப்புள்ளியைத் தாண்டியோர் தொகைக்கு விருது என்று அறிவித்துவிட்டால், முப்பது பேர் இருக்கும் வகுப்பில் தாண்டக்கூடிய ஐந்தாறு பேரைச் சுற்றியே கற்பித்தல் நடக்கும். 200 புள்ளிகளுக்கான அப்பரீட்சையில், 60 புள்ளிகூடத் தேறாது என்று எல்லோரும் கைவிட்ட பிள்ளையை 95 வரை கொண்டுவந்த ஆசிரியரை உங்கள் பட்டியல் கண்டுகொள்ளாது. அந்த ஆண்டில் அந்தப் பாடசாலையில் நடந்த மிகச் சிறந்த கற்பித்தல் அதுவாகவே இருந்திருக்கலாம்.

ஆகவே பெறுபேற்றுப் பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒருவரின் பெயரை முன்மொழிபவர் எவரானாலும் அவரிடம் ஒரே ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேளுங்கள். அந்த ஆசிரியர் என்ன செய்தார், எந்த ஆண்டில், எந்தப் பிள்ளைகளுக்காகச் செய்தார், அதற்குச் சாட்சி யார் என்பது அதில் இருக்க வேண்டும். "அர்ப்பணிப்பு மிக்கவர், பண்பாளர்" என்பன போன்ற சொற்கள் மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒன்பதாம் தரத்தோடு படிப்பை நிறுத்திக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகவிருந்த பையனின் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலுக்கு மூன்று முறை போய்த் தகப்பனோடு பேசி, அவனை மறுபடி வகுப்பில் உட்கார வைத்தார் என்று ஒரு வரி இருந்தால், அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். தெரிவுக் குழுவில் அதிபரோடு தோட்டத்துப் பெற்றோர் ஒருவரும், வேறு பாடசாலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் இருக்கட்டும். விழா மேடையில் அந்தப் பக்கத்தை முழுமையாக வாசித்துவிட்டுக் கேடயத்தைக் கொடுங்கள். வாசிக்கத்தக்க பக்கம் ஒன்றும் வராவிட்டால் அந்த ஆண்டு விருதை நிறுத்தி வைப்பதில் தவறில்லை.

கேள்வி: விருதுக்கு நானே விண்ணப்பித்து, புகைப்படங்களுடன் ஆவணக் கோவை தயாரித்துத் தரும்படி சொல்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது. (ஆசிரியை, இராகலை)

பதில்: கூச்சப்பட வேண்டியதில்லை. இந்தியாவின் தேசிய நல்லாசிரியர் விருதுக்கும் 2018 முதல் ஆசிரியர்கள் தாமாகவே இணையவழியில் விண்ணப்பிக்கும் முறை இருக்கிறது. அதிகாரி ஒருவரின் தயவுக்காகக் காத்திருப்பதைவிட அது மேல். ஆனால் கோவை கேட்கும் முறையில் ஒரு குறை இருக்கிறது: புகைப்படம் எடுக்க ஆள் இருக்கும் நகரப் பாடசாலை முந்திக்கொள்கிறது. ஒரே மண்டபத்தில் எல்லா வகுப்புகளையும் தனியொருவராகக் கற்பித்த அந்தக் காலத்துத் தோட்டப் பாடசாலை வாத்தியாரிடம் புகைப்படம் கேட்டிருந்தால் எதைக் கொடுத்திருப்பார்? கோவையை நீங்கள் தயாரியுங்கள். அதில் உங்கள் மாணவர் ஒருவரும் தாய் ஒருவரும் தம் கைப்பட எழுதிய கடிதங்கள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓர் அமைப்பு எனக்குப் பட்டம் தருவதாகச் சொல்லி, விழாச் செலவுக்குப் பணம் கேட்கிறது. (அதிபர், ஹட்டன்)

பதில்: கொடுக்காதீர்கள். அது விருதல்ல, விற்பனை.

கேள்வி: சம்பளம் போதாமல் ஆசிரியர்கள் தவிக்கும்போது விருது எதற்கு? (வாசகர், தலவாக்கலை)

பதில்: நியாயமான கோபம். பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு நியமிக்கப்பட்ட ஆசிரிய உதவியாளர்கள் மாதம் 6,000 ரூபாவிலும் பின்னர் 10,000 ரூபாவிலும் குடும்பம் நடத்திய காலத்தை நாம் கண்டிருக்கிறோம். அவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவது கேலியாகவே இருந்திருக்கும். ஆசிரியர் அந்தஸ்து தொடர்பாக 1966 ஒக்டோபர் 5 அன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட சர்வதேசப் பரிந்துரை, திறமையை மதிப்பிட்டுச் சம்பளத்தைத் தீர்மானிக்கும் எந்த முறையையும் ஆசிரியர் சங்கங்களின் சம்மதமின்றிக் கொண்டுவரக் கூடாது என்கிறது. உலக ஆசிரியர் தினம் அந்தத் தேதியை ஒட்டியே வந்தது. சம்பளம் உரிமை, அதைச் சங்கம் வைத்துப் போராடித்தான் பெற வேண்டும். விருது ஊரார் சொல்லும் நன்றி. ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்க நாம் இடம் கொடுக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் பாடசாலைக் காவலாளி இவ்வாண்டு ஓய்வு பெறுகிறார். ஆசிரியர் தின மேடையில் அவரைக் கௌரவிக்கலாமா? "அது ஆசிரியர்களின் நாள்" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். (பாடசாலை அபிவிருத்திக் குழு உறுப்பினர், அப்புத்தளை)

பதில்: தாராளமாகச் செய்யலாம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு ஏற்பட்டபோது, உயிர் தப்பியவர்கள் அருகிலிருந்த பாடசாலைகளில்தான் தங்கவைக்கப்பட்டார்கள். மழை கொட்டும் நாளில் எந்த நேரத்திலும் பாடசாலைக் கதவைத் திறக்கச் சாவியோடு ஒருவர் இருக்க வேண்டியிருக்கிறது என்பது மலைநாட்டில் வாழும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காவலாளி, சிற்றூழியர், நூலகர், காலை உணவு சமைத்துத் தரும் தாய்மார் ஆகியோர் எந்தப் பெறுபேற்றுப் பட்டியலிலும் இல்லாததால்தான் அவர்களைப் பற்றியும் அந்த ஒரு பக்கத்தை எழுத வேண்டியிருக்கிறது. ஆசிரியர்களைக் கொண்டே அதை எழுதச் சொல்லிப் பாருங்கள், முகச்சுளிப்பு குறையும். அழைப்பிதழில் ஆசிரியர்களின் பெயருக்கு வைத்த எழுத்தளவிலேயே அவருடைய பெயரையும் அச்சிடுங்கள். மேடையில் பேச விரும்புகிறாரா என்பதை மட்டும் முன்கூட்டியே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.