தயிர்ப் பச்சடி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடி செய்த அரை மணி நேரத்திற்குள் பாத்திரத்தில் தண்ணீர் விட்டுக்கொள்கிறது. விருந்தினர் சாப்பிட உட்காரும்போது மோரில் காய் மிதப்பது போல் இருக்கிறது. கெட்டித் தயிர் வாங்கிப் பார்த்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: தயிரை மாற்றுவதற்கு முன், உப்பை எப்போது சேர்க்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். வெள்ளரிக்காயில் ஏறத்தாழ 95 விழுக்காடு தண்ணீர்தான். நறுக்கிய காயில் உப்புப் பட்டதும் உள்ளிருக்கும் நீர் வெளியே வரத் தொடங்கிவிடும். அது தயிருக்குள் நடந்தால் பச்சடி நீர்த்துப்போகும். முன்கூட்டியே நடந்தால் அந்த நீரைப் பிழிந்து எடுத்துவிடலாம். ஆகவே, நடுத்தர அளவு வெள்ளரிக்காய் ஒன்றைத் தோல் சீவி, நீளவாக்கில் பிளந்து, விதை முற்றியிருந்தால் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு, பொடியாக நறுக்கி, அரைத் தேக்கரண்டி உப்பைப் பிசறி 20 நிமிடம் வடிதட்டில் வையுங்கள். பிறகு ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்து அழுத்தினால், விரலிடுக்கு வழியாக இளம்பச்சை நீர் வடியும். சொட்டுவது நிற்கும்வரை பிழியுங்கள். அந்த நீரை வீணாக்காமல் மோரில் கலந்து குடித்துவிடலாம். காயில் உப்பு ஏறியிருக்கும் என்பதால், ருசி பார்த்த பிறகே தயிருக்கு உப்புச் சேர்க்க வேண்டும்.

தயிரை மத்தால் கடைவதும் இன்னொரு காரணமாக இருக்கலாம். பாலின் புரதம் வலைபோல் பின்னிக்கொண்டு நீரைத் தாங்கி நிற்பதே தயிர்; மத்தோ மிக்ஸியோ அந்த வலையை அறுத்துவிடும். கரண்டியின் பின்புறத்தால் மெல்ல மசித்தாலே போதும். வீட்டில் தயிர் தோய்ப்பவர்கள், பால் பொங்கியவுடன் இறக்கிவிடாமல் சிறு தீயில் மேலும் 10 நிமிடம் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றினால், தயிர் கெட்டியாகத் தோய்ந்து நீர் பிரிவதும் குறையும். தாளிப்பை ஆறவைத்துக் கொட்டுங்கள்.

கேள்வி: நாகர்கோவிலில் உறவினர் வீட்டில் கடுகு அரைத்துச் சேர்த்த வெள்ளரிக்காய்க் கிச்சடி (தயிர் சேர்த்துச் செய்யும் ஒரு வகைப் பச்சடி) சாப்பிட்டேன். அதே போல் செய்தால் எனக்குக் கசக்கிறது.
- வாசகர், மதுரை

பதில்: கடுகை அதிக நேரம் அரைத்திருப்பீர்கள். முழுக் கடுகில் நெடி இருக்காது. அது நசுங்கி ஈரம் பட்டதும், அதிலுள்ள ஒரு நொதி வேலை செய்து அந்த மூக்கில் ஏறும் காரத்தை உண்டாக்குகிறது. எண்ணெயில் வெடித்த கடுகில் அந்த நொதி சூட்டில் அழிந்துவிடுவதால்தான் தாளித்த கடுகு உறைப்பதில்லை. மிக்ஸியில் விழுதாகும்வரை ஓட்டினால் காரத்தோடு கசப்பும் ஏறிவிடும். தேங்காய், பச்சைமிளகாய், சீரகம் ஆகியவற்றை முதலில் நைசாக அரைத்துக்கொண்டு, கடைசியில் கால் தேக்கரண்டி கடுகைப் போட்டு இரண்டே சுற்று விடுங்கள்; கடுகு பாதி உடைந்தால் போதும். சிறிது நீரில் வெந்த வெள்ளரிக்காயில், அடுப்பை அணைத்த பிறகு இந்த விழுதைக் கலந்து, நன்றாக ஆறியதும் தயிர் சேர்க்க வேண்டும். சூட்டில் சேர்த்தால் தயிர் திரிந்துவிடும். அம்மி இருப்பவர்கள் கடுகை அதிலேயே நசுக்கலாம். எவ்வளவு நசுங்கியது என்பது கைக்கே தெரிந்துவிடுவதால் கசப்புக்கு இடமிருக்காது.

கேள்வி: பிரியாணிக்குச் செய்யும் வெங்காயப் பச்சடியில் வெங்காய நெடி தூக்கலாக இருக்கிறது.
- வாசகி, ஆம்பூர்

பதில்: மெல்லியதாக அரிந்த வெங்காயத்தைக் குளிர்ந்த நீரில் 10 நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து, பரிமாறுவதற்குச் சற்று முன்னர் தயிரில் கலக்குங்கள். காலையிலேயே கலந்து வைத்தால் நெடி முழுவதும் தயிரில் இறங்கிவிடும். வறுத்துப் பொடித்த சீரகத்தை ஒரு சிட்டிகை மேலே தூவினால் மணமாக இருக்கும்.