எந்தப் பரவல், ஏன்? ஆயுட்காலத் தரவு பற்றி வாசகர் கேள்விகள்

அண்மையில் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆயுட்காலப் பரவல்களைப் பற்றியவை. ஒருவர் எவ்வளவு காலம் பிழைத்திருப்பார், ஒரு நோய் எப்போது திரும்பும் என்பதற்கான வாய்ப்பை விவரிக்கும் சூத்திரங்கள்தான் இந்தப் பரவல்கள். எழுதியவர்களில் ஆய்வு மாணவர்களும் இருக்கிறார்கள், மருத்துவர்களும் இருக்கிறார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எம்.எஸ்சி. வகுப்பில் அடுக்குக்குறிப் பரவல், காமா, வெய்புல் மூன்றும் நடத்தினார்கள். ஆய்விதழ்களைத் திறந்தால் அடுக்கேற்றிய வெய்புல், மார்ஷல்-ஆல்கின், பீட்டா-வெய்புல், குமாரசுவாமி-வெய்புல் என்று போய்க்கொண்டே இருக்கிறது. வெய்புல் ஒன்றே போதாதா? இவ்வளவும் எதற்கு?

பதில்: முதலில் வெய்புல் ஏன் இவ்வளவு பிடித்துப்போனது என்று பாருங்கள். சுவீடன் பொறியாளர் வாலொடி வெய்புல் 1951-இல் ஒரு கட்டுரை எழுதினார். உருக்கின் வலிமை, சாம்பல் துகளின் அளவு, பிரித்தானியத் தீவுகளில் பிறந்த ஆண்களின் உயரம், பீன்ஸ் விதையின் அகலம் என ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஏழு தரவுகளில் தன் சூத்திரத்தைப் பொருத்திப் பார்த்தார். அந்த ஏழில் ஒன்று இந்தியப் பருத்தி இழையின் வலிமை. இரண்டு மூன்று பண்பளவைகளை (பரவலின் வடிவத்தைத் தீர்மானிக்கும் எண்களை) மட்டும் வைத்துக்கொண்டு இத்தனை இடங்களில் வேலை செய்யும் கருவி கிடைத்தால் யார் விடுவார்கள்?

ஆனால் அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. இதுவரை பிழைத்திருக்கும் ஒருவருக்கு அடுத்த கணத்தில் ஆபத்து வரும் வேகத்தை இடர் வீதம் என்கிறோம். வெய்புலில் அது ஏறும், அல்லது இறங்கும், அல்லது சமமாக நிற்கும். ஏறிய பின் இறங்கவோ இறங்கிய பின் ஏறவோ அதற்குத் தெரியாது. மனித வாழ்க்கை அப்படி இல்லை. பிறந்த முதல் சில வாரங்களில் இடர் அதிகம். பள்ளிக்கூட வயதில் மிகக் குறைவு. முதுமையில் மறுபடி ஏறுகிறது. இதைத்தான் குளியல் தொட்டி வடிவம் என்கிறார்கள். பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு பல சமயம் இதற்கு நேர்மாறாக நடக்கும். முதல் நாட்களில் இடர் ஏறி, உச்சம் தொட்டு, பிறகு தணியும்.

இந்த வளைவுகளைப் பிடிக்கத்தான் பொதுமைப்படுத்திய பரவல்கள் வந்தன. முதோல்கரும் ஸ்ரீவாஸ்தவாவும் 1993-இல் செய்தது மிக எளிமையானது. வெய்புலின் குவிவு பரவல் சார்பை (ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் நிகழ்வு நடந்துவிடும் வாய்ப்பை) எடுத்து அதன் மேல் தீட்டா என்று ஓர் அடுக்கை ஏற்றினார்கள். அவ்வளவுதான். வெய்புலின் வடிவப் பண்பளவை ஆல்ஃபா என்று வையுங்கள். ஆல்ஃபா 1-க்கு மேல் இருந்து, ஆல்ஃபா-தீட்டா பெருக்கல் 1-க்குக் கீழே இருந்தால் குளியல் தொட்டி கிடைக்கிறது. ஆல்ஃபா 1-க்குக் கீழே, பெருக்கல் 1-க்கு மேல் என்றால் ஏறி இறங்கும் மேடு. ஒரே ஒரு எண்ணைக் கூட்டியதற்கு இது நல்ல பலன்.

எனக்கு இந்தப் பரவல் பிடிக்க இன்னொரு காரணம், அந்த அடுக்குக்கு ஓர் அர்த்தம் சொல்லலாம். தீட்டா 2 என்றால், ஒன்றையொன்று சாராத இரண்டு உறுப்புகள் பக்கம் பக்கமாக வேலை செய்து, இரண்டும் கெட்டால் மட்டுமே மொத்த அமைப்பும் நிற்கும் என்று பொருள். இரண்டு சிறுநீரகங்களை நினைத்துக்கொள்ளுங்கள். (சர்க்கரை நோய் வந்தால் இரண்டும் சேர்ந்தே பழுதாகும் என்பதால் அங்கே ‘ஒன்றையொன்று சாராத’ என்ற நிபந்தனை உடைந்துவிடும். அதையும் மறக்கக் கூடாது.)

கேள்வி: புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் நோயாளிகளில் பலர் பாதியில் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். ஆய்வு முடியும்போது இன்னும் நலமாக இருப்பவர்களும் உண்டு. எங்கள் தரவை எடுத்துக்கொண்ட மாணவர் இவர்கள் எல்லாரையும் நீக்கிவிட்டு, மீதிப் பேருக்கு மட்டும் பரவலைப் பொருத்தியிருக்கிறார். இது சரியா டாக்டர்?

பதில்: சரியில்லை. எவ்வளவு தவறு என்பதை ஒரு பழைய தரவை வைத்துக் காட்டுகிறேன். கடுமையான இரத்தப் புற்றுநோயில் 6-மெர்காப்டோபியூரின் மருந்தைச் சோதித்து ஃப்ரைரைக் குழுவினர் 1963-இல் வெளியிட்ட முடிவுகள் இவை. மருந்து பெற்ற 21 பேர் நோய் தணிந்த நிலையில் எத்தனை வாரம் இருந்தார்கள் என்ற கணக்கு:

6, 6, 6, 6+, 7, 9+, 10, 10+, 11+, 13, 16, 17+, 19+, 20+, 22, 23, 25+, 32+, 32+, 34+, 35+

கூட்டல் குறி உள்ளவர்களுக்கு அந்த வாரம் வரை நோய் திரும்பவில்லை. அதற்குப் பிறகு என்ன ஆனது என்று நமக்குத் தெரியாது. அப்படி 12 பேர். நோய் திரும்பியவர்கள் 9 பேர் மட்டும்.

உங்கள் மாணவர் செய்ததைச் செய்தால், 9 பேரின் வாரங்களைக் கூட்டினால் 109, சராசரி சுமார் 12 வாரம். கூட்டல் குறியை அழித்துவிட்டு 21 பேருக்கும் அன்றே நோய் திரும்பியதாக வைத்துக்கொண்டால் 359-ஐ 21-ஆல் வகுக்க 17 வாரம். இரண்டும் பொய். 35 வாரமாக நலமாக இருப்பவரின் 35 வாரங்களும் மருந்து வேலை செய்ததற்கான சாட்சி. அந்தச் சாட்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு மருந்தை எடை போட முடியாது.

முறையான வழி இது: நோய் திரும்பியவரிடமிருந்து ‘இந்த வாரத்தில் திரும்பியது’ என்ற அடர்த்திச் சார்பையும், திரும்பாதவரிடமிருந்து ‘இந்த வாரத்தைத் தாண்டினார்’ என்ற உயிர்வாழ்வுச் சார்பையும் எடுத்து, எல்லாவற்றையும் பெருக்கி, அந்தப் பெருக்கல் மிகப் பெரிதாக வரும் பண்பளவைகளைத் தேட வேண்டும். இடர் வீதம் சமமாக நிற்கும் அடுக்குக்குறிப் பரவலில் இந்தக் கணக்கு அழகாகச் சுருங்கிவிடும். இடர் வீதம் 9/359, சராசரி சுமார் 40 வாரம். 12 எங்கே, 40 எங்கே! மருந்து பெறாத 21 பேருக்கும் நோய் திரும்பிவிட்டது, அவர்களின் சராசரி 8.7 வாரம். 8.7-க்கு எதிரே 12 என்றால் மருந்து ஏதோ கொஞ்சம் உதவியது போலத் தெரியும். 40 என்றால் கதையே வேறு.

இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள், குடும்பத்தாரிடம் எந்த எண்ணைச் சொல்வது என்று. சராசரியைச் சொல்லாதீர்கள். மேலே வந்த 40 வாரத்தைப் பாருங்கள். யாரையும் 35 வாரத்துக்கு மேல் பார்க்கவே இல்லை, சராசரியோ அதைத் தாண்டி நிற்கிறது. இதே தரவுக்கு வெய்புல் பொருத்தினால் சராசரி 31 வாரம் ஆகிவிடும். தரவு மாறவில்லை, நாம் எடுத்த பரவல்தான் மாறியது. இடைநிலையோ (பாதிப் பேர் தாண்டும் வாரம்) அடுக்குக்குறிப் பரவலில் 27.7, வெய்புலில் 25.8, எந்தப் பரவலையும் நம்பாத காப்லான்-மையர் முறையில் 23. ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே இருக்கின்றன. ஆகவே பாதிப் பேர் எத்தனை வாரம் தாண்டினார்கள் என்பதைச் சொல்லுங்கள். ‘ஒரு வருடம் தாண்டுவாரா’ என்று கேட்டால் கவனம் வேண்டும். 52 வாரத்தில் அடுக்குக்குறிப் பரவல் 27 சதவீதம் என்கிறது, வெய்புல் 17 சதவீதம் என்கிறது. பார்க்காத காலத்தைப் பற்றிப் பரவல் பேசும்போது அது நம் அனுமானத்தைத்தான் நமக்குத் திருப்பிச் சொல்கிறது.

கடைசியாக, பாதியில் நின்றவர்கள் ஏன் நின்றார்கள் என்று ஒருவரை உட்காரவைத்து போன் போட்டு விசாரியுங்கள். உடம்பு முடியாமல் போய் வீட்டோடு இருந்துவிட்டார்கள் என்றால் மேலே சொன்ன சூத்திரமும் தவறிவிடும். நின்றதற்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்ற நம்பிக்கையின் மேல்தான் அது நிற்கிறது.

கேள்வி: மருந்து நிறுவனத்தில் தரவுப் பிரிவில் இருக்கிறேன். பரவல்களின் பட்டியல் நீளமாக இருக்கிறது. எதில் தொடங்குவது?

பதில்: பொதுமைக் காமாவில் தொடங்குங்கள். ஸ்டேசி 1962-இல் கொடுத்தது. மூன்று பண்பளவைகள்தான். அடுக்குக்குறி, காமா, வெய்புல் மூன்றும் அதற்குள் சிறப்பு நிலைகளாக உட்கார்ந்திருக்கின்றன. மடக்கை இயல்நிலைப் பரவல் (காலத்தின் மடக்கை மணி வடிவில் பரவுவது) எல்லை நிலையாக வருகிறது. ஆகவே ஒரு தடவை பொருத்தினால், எளிய பரவல்களில் எது போதும் என்று அதுவே சொல்லிவிடும். ஸ்டேசியின் வடிவத்தில் கணினி அடிக்கடி திணறும். ப்ரென்டிஸ் 1974-இல் மாற்றி எழுதிய வடிவத்தைப் பயன்படுத்துங்கள். ஆர் மென்பொருளின் ஃப்ளெக்ஸ்சர்வ் தொகுப்பில் அது தயாராக இருக்கிறது. அதில் கியூ என்ற எண் 0-க்குப் பக்கத்தில் வந்தால் மடக்கை இயல்நிலை, 1-க்குப் பக்கத்தில் வந்தால் வெய்புல். நாற்பது ஐம்பது பேர் தரவில் கியூவின் நம்பிக்கை இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு) 0, 1 இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடுவது சகஜம். அப்போது ‘இந்தத் தரவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை’ என்று அறிக்கையில் எழுதுங்கள். அதுவும் ஒரு முடிவுதான்.

கேள்வி: நான் உருவாக்கிய ஐந்து பண்பளவைப் பரவலின் ஏஐசி மதிப்பு, வெய்புலை விட 1.3 குறைவு. என் பரவல் சிறந்தது என்று எழுதலாமா?

பதில்: வேண்டாம். ஏஐசி என்பது பொருத்தத்தையும் பண்பளவைகளின் எண்ணிக்கையையும் சேர்த்து எடை போடும் அளவு, குறைந்தால் நல்லது. ஆனால் 2-க்குக் குறைவான வித்தியாசத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கூடுதல் பண்பளவைகளுக்கு இன்னும் கடுமையாக அபராதம் போடும் பிஐசி அளவையும் போட்டுப் பாருங்கள். 128 பேர் தரவு என்றால் கூடுதல் பண்பளவை ஒவ்வொன்றுக்கும் அது 4.85 அபராதம் போடும், நீங்கள் மூன்று கூட்டியிருக்கிறீர்கள். அப்புறம், ஐந்து எண்களின் திட்டப் பிழைகளையும் (மதிப்பீடு எவ்வளவு தள்ளாடலாம் என்பதன் அளவு) அட்டவணையில் போடுங்கள். மதிப்பீடு 3, திட்டப் பிழை 11 என்று வந்தால் அந்த எண்ணைத் தரவு பார்க்கவே இல்லை.

கேள்வி: என் பிஎச்.டி. ஆய்வில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் நோயாளிகள் 128 பேரின் தரவைப் பயன்படுத்தியிருக்கிறேன். எல்லாரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். பரவல் தரவுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் கொல்மொகோரவ்-ஸ்மிர்னோவ் சோதனையில் பி-மதிப்பு 0.98 (1-க்குப் பக்கத்தில் வந்தால் நல்ல பொருத்தம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்). வைவாவில் இதைக் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: நானே தேர்வாளராக வந்தால் முதலில் அந்த 0.98-ஐத்தான் கேட்பேன். அந்தச் சோதனையின் வழக்கமான அட்டவணை, பண்பளவைகள் முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் செல்லும். நீங்கள் அதே 128 எண்களிலிருந்து பண்பளவைகளை மதிப்பிட்டு, அதே எண்களின் மேல் சோதித்திருக்கிறீர்கள். அளவெடுத்துத் தைத்த சட்டை உடம்புக்குப் பொருந்துவதில் வியப்பில்லை. லில்லிஃபோர்ஸ் 1967-இலேயே இயல்நிலைப் பரவலுக்கு இதைத் திருத்திக் காட்டினார். உங்கள் பரவலுக்கு வழி இருக்கிறது: பொருத்திய பரவலிலிருந்து ஆயிரம் போலித் தரவுகளை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் மறுபடி பண்பளவைகளை மதிப்பிட்டு, சோதனை எண் எப்படிச் சிதறுகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேர வேலை. 0.98 நிச்சயம் இறங்கும்.

இனி அந்தத் தரவையே ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். நோய் தணிந்திருந்த காலம் மாதக் கணக்கில் 0.08 முதல் 79.05 வரை போகிறது. சராசரி 9-க்கு மேல், இடைநிலை 6.4. அந்த 0.08 மாதம் என்பது இரண்டரை நாளுக்கும் குறைவு. இரண்டு நாள் நோய் தணிந்திருந்தது என்றால் மருத்துவத்தில் என்ன பொருள்? அந்த நோயாளிக்கு என்ன வயது, எந்தக் கட்டத்தில் நோய், என்ன சிகிச்சை? கைக்குக் கை மாறி வரும் அந்த 128 எண்களோடு இவை எதுவும் வருவதில்லை. கணக்கு முறையைச் சரிபார்க்க அந்தத் தரவு போதும். புற்றுநோயைப் பற்றி ஏதாவது சொல்லப் போதாது. ஆய்வேட்டில் இதை நீங்களே எழுதிவிட்டால் வைவாவில் யாரும் உங்களை மடக்க முடியாது.

கேள்வி: எங்கள் உயிர்வாழ்வு வரைபடம் மூன்று வருடத்துக்குப் பிறகு 30 சதவீதத்தில் அப்படியே படுத்துவிட்டது. எந்தப் பரவலும் பொருந்தவில்லை.

பதில்: பொருந்தாது. சாதாரணப் பரவல் எல்லாமே கடைசியில் பூஜ்யத்துக்கு இறங்கும். ஒரு பகுதியினர் குணமாகிவிட்டார்கள் என்று வைத்து, மீதிப் பேருக்கு மட்டும் பரவலைப் பொருத்தும் முறை இருக்கிறது. போக் 1949-இலும், பெர்க்சனும் கேஜும் 1952-இலும் போட்ட பாதை அது. ஆனால் மூன்று வருடம் தாண்டி எத்தனை பேரைப் பார்த்தீர்கள்? நாலைந்து பேர்தான் என்றால், கோடு படுத்திருப்பது குணத்தால் அல்ல, பார்ப்பதற்கு ஆள் இல்லாததால். இன்னும் இரண்டு வருடம் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: இரண்டு பரவல்களைச் சேர்த்துப் புதிதாக ஒன்று உருவாக்கச் சொல்கிறார் கைடு. அடர்த்திச் சார்பு, திருப்புத்திறன்கள் (சராசரி, சிதறல் போன்றவை), ஒரு தரவு, நாலு அட்டவணை என்று எல்லாக் கட்டுரையும் ஒரே மாதிரி இருக்கிறது. எனக்கு மனம் ஒட்டவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மனம் சரியாகத்தான் சொல்கிறது. பல வருடங்களுக்கு முன் நான் நான்கு பண்பளவைப் பரவல் ஒன்றைப் பொருத்தி, ஒரு மருத்துவரிடம் பெருமையோடு காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இந்த நாலாவது எண் ஏறினால் என் நோயாளிக்கு என்ன ஆகும்?” என்றார். என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து எந்தப் பண்பளவையையும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் சேர்ப்பதில்லை.

கைடு சொன்னதை மறுக்க வேண்டியதில்லை, வரிசையை மட்டும் மாற்றுங்கள். பக்கத்து மருத்துவமனையில் உரிய அனுமதி வாங்கி, பெயர் நீக்கிய உண்மைத் தரவு ஒன்றைப் பெறுங்கள். காப்லான்-மையர் கோட்டை வரையுங்கள். இடர் வீதம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சிகிச்சையில் என்ன நடந்தது என்று வார்டு நர்ஸிடம் கேளுங்கள். வெய்புல், பொதுமைக் காமா, அடுக்கேற்றிய வெய்புல் மூன்றும் அந்த வளைவைப் பிடிக்கத் தவறுகின்றன என்று காட்ட முடிந்தால், அப்போது உங்கள் புதுப் பரவலுக்கு வேலை இருக்கிறது. பிடித்துவிட்டால் அந்த மூன்றில் ஒன்றை எடுத்து, வயதும் நோய்க் கட்டமும் பண்பளவைகளை எப்படி நகர்த்துகின்றன என்று எழுதுங்கள். அதுவே ஒரு முழு அத்தியாயத்துக்கு வரும். அனுமதி கிடைக்கத் தாமதமாகும், அதனால் விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.