இன்டெக்ஸ் இருக்கிறது, வேலை செய்கிறதா?

திருகோணமலை மாவட்ட வாசகர்களிடமிருந்து வந்த தரவுத்தளக் கேள்விகள் நான்கு, இம்முறை. நான்கும் இன்டெக்ஸ் பற்றியவை: முழு அட்டவணையையும் வாசிக்காமல் தேடிய நிரையைக் கண்டுபிடிக்க உதவும், புத்தகத்தின் பின்பக்கச் சொற்பட்டியல் போன்ற ஒன்று.

கேள்வி: நிலாவெளி விடுதி ஒன்றுக்கு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் முன்பதிவு மென்பொருள் எழுதியிருக்கிறோம். ‘நிலை’ என்ற நிரலுக்கு இன்டெக்ஸ் போட்டேன். மடிக்கணினியில் 200 நிரையை வைத்து எக்ஸ்பிளெய்ன் (ஒரு வினவலை, அதாவது தேடல் கட்டளையை, எப்படி இயக்கும் என்று காட்டும் கட்டளை) ஓட்டினால் ‘சீக் ஸ்கேன்’ (முழு அட்டவணையையும் வரிசையாக வாசிப்பது) என்கிறது. சேர்வரில் 4 இலட்சம் நிரை. அங்கும் அதே பதில். இன்டெக்ஸ் பழுதா? (நிலாவெளி)

பதில்: பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. மடிக்கணினிச் சோதனையை முதலில் ஒதுக்கிவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் தரவை 8 கிலோபைட் பக்கங்களாக வாசிக்கும். ஒரு நிரைக்கு 100 பைட் என்றால் உங்கள் 200 நிரையும் மூன்று பக்கத்துக்குள் அடங்கிவிடும். மூன்று பக்கத்தைப் புரட்ட இன்டெக்ஸ் எதற்கு?

சேர்வரில் கதை வேறு. எந்த நிலையைத் தேடினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பழைய பதிவுகளில் பெரும்பாலானவை ‘முடிந்தது’ என்றுதான் இருக்கும். அதைத் தேடினால் ஏறக்குறைய முழு அட்டவணையும் வேண்டும். நேராக வாசிப்பதே மலிவு, சீக் ஸ்கேன் சரியான முடிவு. சில நூறு நிரை மட்டுமே உள்ள ‘காத்திருப்பு’ நிலையைத் தேடியும் சீக் ஸ்கேன் வந்தால், எந்த நிலை எத்தனை நிரையில் என்று போஸ்ட்கிரெஸ் மதிப்பிட வைத்திருக்கும் புள்ளிவிபரம் பழசாகியிருக்கலாம். அதைப் புதுப்பிக்கும் தானியங்கி அனலைஸ், 50 நிரையும் அட்டவணையின் 10 வீதமும் மாறிய பிறகே ஓடும். உங்களுக்கு அது 40,050 மாற்றம். அந்த அட்டவணைக்குக் கையால் ஒருமுறை அனலைஸ் கொடுத்துவிட்டுப் பாருங்கள். ‘காத்திருப்பு’ நிரைகளுக்கு மட்டுமான பகுதி இன்டெக்ஸ் ஒன்று போட்டால் இன்னும் நல்லது, அளவும் சிறியது.

வெறும் எக்ஸ்பிளெய்ன் மதிப்பீட்டைத்தான் காட்டும். எக்ஸ்பிளெய்ன் அனலைஸ், அதோடு எத்தனை பக்கம் வாசித்தது என்று காட்டும் பஃபர்ஸ், இரண்டும் சேர்த்து ஓட்டுங்கள். கவனம்: எக்ஸ்பிளெய்னோடு சேரும் இந்த அனலைஸ் (மேலே சொன்ன புள்ளிவிபர அனலைஸ் அல்ல) வினவலை உண்மையாகவே இயக்கும். டிலீட், அப்டேட் என்றால் பிகின் (பரிவர்த்தனையைத் தொடங்கும்), ரோல்பேக் (மாற்றத்தைத் திருப்பிவிடும்) இரண்டுக்கும் நடுவில் வைத்து ஓட்டாவிட்டால் தரவு போய்விடும்.

விடையில் இன்டெக்ஸின் பெயர் வந்தாலே போதும் என்று நினைக்க வேண்டாம். ‘இன்டெக்ஸ் கொண்ட்’ வரியில் இருக்கும் நிபந்தனைக்குத்தான் இன்டெக்ஸ் உதவுகிறது. ‘ஃபில்டர்’ வரியில் இருப்பது, நிரையை எடுத்த பிறகு சலிப்பது. இன்டெக்ஸ் அறை இலக்கத்துக்கு மட்டும் இருந்து திகதி ஃபில்டரில் நின்றால், ‘ரோஸ் ரிமூவ்ட் பை ஃபில்டர்’ எண்ணைப் பாருங்கள். 12 நிரைக்காக 9,000 நிரையை எடுத்து எறிந்திருந்தால், அறை இலக்கம், திகதி என்ற வரிசையில் ஒரு கூட்டு இன்டெக்ஸ் வேண்டும்.

சந்தேகம் தீராவிட்டால் உங்கள் இணைப்பில் மட்டும் ‘எனேபிள் சீக்ஸ்கேன்’ அமைப்பை ஓஃப் செய்து மீண்டும் ஓட்டுங்கள். அப்போதும் சீக் ஸ்கேன்தான் என்றால், அந்த வினவலுக்கு அந்த இன்டெக்ஸ் பொருந்தவே இல்லை. இன்டெக்ஸுக்கு மாறி நேரம் கூடினால், முதல் முடிவே சரி. நேரம் குறைந்தால் ‘ராண்டம் பேஜ் கோஸ்ட்’ (பக்கங்களை அங்குமிங்குமாக வாசிக்கும் செலவு) அமைப்பைப் பாருங்கள்: இயல்பாக 4 இருக்கும், சுழலும் வட்டுக்காலத்து எண். எஸ்எஸ்டியில் 1.1 அளவுக்குக் குறைப்பது வழக்கம். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை ஓட்டுங்கள். முதல் ஓட்டம் வட்டிலிருந்தும் அடுத்தது நினைவகத்திலிருந்தும் வாசித்தால் ஒப்பீடு பொய்யாகிவிடும்; பஃபர்ஸ் வரியில் ‘ரீட்’, ‘ஹிட்’ என்று பிரித்துக் காட்டும்.

கேள்வி: எங்களுடையது மைஎஸ்கியூஎல் தரவுத்தளம். அடையாள அட்டை இலக்கம் வார்கார் (எழுத்து) நிரல், இன்டெக்ஸும் உண்டு. ஆனாலும் தேடல் மெதுவாகவே இருக்கிறது. (கிண்ணியா)

பதில்: 12 இலக்கப் புதிய எண்ணை மேற்கோள் குறியில்லாமல் கொடுக்கிறீர்கள் போலிருக்கிறது. எழுத்து நிரலை எண்ணோடு ஒப்பிட, மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு நிரையையும் எண்ணாக மாற்றிப் பார்க்கும். இன்டெக்ஸின் வரிசை அதற்கு உதவாது. எக்ஸ்பிளெய்னில் ‘பொசிபிள் கீஸ்’ இன்டெக்ஸைக் காட்டும், ‘கீ’ நல் (வெற்று) ஆக இருக்கும், ‘டைப்’ ஓல் (முழு அட்டவணையும்) என்று வரும். உடனே ஷோ வோர்னிங்ஸ் கொடுத்தால் 1739 என்ற எச்சரிக்கை காரணத்தையே சொல்லிவிடும். மேற்கோளுக்குள் கொடுங்கள், நிரலாக்க மொழியிலிருந்து அனுப்பினால் சரமாக அனுப்புங்கள். வேகம் மட்டுமல்ல பிரச்சினை: 026 என்று தொடங்கும் தொலைபேசி இலக்கத்தின் முன் பூச்சியமும், பழைய அட்டையின் கடைசி ‘வீ’ எழுத்தும் இப்படி மாற்றும்போது உதிர்ந்துவிடும். தப்பான நிரையும் வரலாம்.

கேள்வி: போஸ்ட்கிரெஸில் 11 இன்டெக்ஸ்களுக்கு ‘ஐடிஎக்ஸ் ஸ்கேன்’ (எத்தனை தடவை பயன்பட்டது என்ற எண்ணிக்கை) பூச்சியம். வட்டில் இடமும் இல்லை. அழித்துவிடலாமா? (திருகோணமலை நகர்)

பதில்: எப்போதிலிருந்து பூச்சியம்? தரவுத்தளப் புள்ளிவிபரக் காட்சியில் ‘ஸ்டாட்ஸ் ரீசெட்’ திகதியைப் பாருங்கள். மின்வெட்டால் சேர்வர் திடீரென விழுந்து எழுந்தாலும் கணக்கு பூச்சியத்திலிருந்து தொடங்கும். உங்கள் வாடிக்கையாளர் உப்புவெளி விடுதிக்காரர் என்றால், வாடைக் காலத்து மூன்று மாதக் கணக்கை வைத்து முடிவெடுக்காதீர்கள், சோளகத்தில்தான் கூட்டம். 16ஆம் பதிப்பிலிருந்து கடைசியாகப் பயன்பட்ட நேரமும் தெரியும்.

பிரதான சாவி, யுனிக் இன்டெக்ஸ் இரண்டையும் தொடாதீர்கள். இரட்டைப் பதிவைத் தடுக்கும் வேலை அந்த எண்ணிக்கையில் ஏறாது. பிரதி சேர்வரில் அறிக்கை எடுப்பவர்கள் இருந்தால் அங்கேயும் பாருங்கள், அதன் கணக்கு தனி. மீதியை ஒவ்வொன்றாக, ‘பிஜி இன்டெக்ஸஸ்’ காட்சியிலிருந்து வரைவிலக்கணத்தைப் பிரதியெடுத்து வைத்துக்கொண்டு, ட்ரொப் இன்டெக்ஸ் கன்கரன்ட்லி (மற்றவர்களின் வேலையைத் தடுக்காத முறை) மூலம் நீக்குங்கள். அதைப் பரிவர்த்தனைக்குள் ஓட்ட முடியாது. (மைஎஸ்கியூஎல் 8 வைத்திருப்பவர்களுக்கு அதிர்ஷ்டம்: அழிக்காமல் இன்விசிபிள் (மறைவாக) ஆக்கிவிட்டு ஒரு மாதம் பார்க்கலாம்.)

கேள்வி: கன்கரன்ட்லி முறையில் இன்டெக்ஸ் உருவாக்கும்போது இணைப்பு அறுந்தது. பட்டியலில் பெயர் இருக்கிறது, எந்த வினவலும் தொடுவதில்லை. (மூதூர்)

பதில்: அது அரைகுறை இன்டெக்ஸ். போஸ்ட்கிரெஸின் கட்டளைக் கருவியான பிஎஸ்கியூஎல்லில் அட்டவணையின் விபரத்தைப் பார்த்தால் பெயருக்குப் பக்கத்தில் ‘இன்வலிட்’ என்றிருக்கும். தேடலுக்கு உதவாது, ஆனால் நிரை சேர்க்கும்போது அதையும் புதுப்பிக்கும் செலவு மட்டும் தொடரும். அழித்துவிட்டு மீண்டும் உருவாக்குங்கள், அல்லது 12ஆம் பதிப்பில் வந்த ரீஇன்டெக்ஸ் கன்கரன்ட்லியை ஓட்டுங்கள்.