கூப்பிடு தூரம்

கேள்வி: வீடுகளுக்குப் பக்கத்திலேயே குடும்பத்தோடு போய்வர ஒரு பொழுதுபோக்கு மையம் வேண்டும் என்று எங்கள் தெருக்காரர்கள் மனு எழுதியிருக்கிறோம். 'குற்றாலம் பக்கத்தில் இருக்கும்போது இது எதற்கு?' என்கிறார்கள். நியாயமா?
– ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: மனுவில் 'பொழுதுபோக்கு' என்றா எழுதினீர்கள்? அந்தச் சொல்லின் சகவாசம் சரியில்லையே. சாக்குப்போக்கு, வயிற்றுப்போக்கு எல்லாம் அதன் பங்காளிகள். மனு கொடுத்தால் முதலாவது உடனே கிடைக்கும். மையத்தைக் கட்டிப் பஜ்ஜிக் கடையை ஏலம் விட்டால் இரண்டாவது. ஆரியங்காவு தாண்டிக் கேரளத்துக்குள் போனால் இதையே 'நேரம்போக்கு' என்பார்கள். அங்கே அது வேடிக்கைப் பேச்சுக்கும் பெயர். அந்தப் பக்கம் கொடுத்திருந்தால் சிரித்துக்கொண்டாவது வாங்கியிருப்பார்கள்.

சரி, குற்றாலம். சாரல் காலத்தில் உள்ளூர்க்காரன் எவன் அங்கே போகிறான்? வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் துண்டும் எண்ணெய்ப் பாட்டிலும் கொடுத்து அனுப்பிவிட்டு நாம் திண்ணையில் உட்கார்ந்திருப்போம். சீசன் முடிந்தால் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம். பஸ் பிடித்து, மாற்றுத்துணி கட்டிக்கொண்டு போனால் அதற்குப் பெயர் பயணம். நீங்கள் கேட்பது கூப்பிடு தூரத்தில் ஓர் இடம். வாசலில் நின்று 'டேய், சாப்பிட வாடா' என்றால் ஊஞ்சலில் இருப்பவனுக்குக் கேட்க வேண்டும். கேட்காத மாதிரி அவன் இருப்பது வேறு விஷயம்.

கூப்பிடு தூரத்து இடம் ஒன்றும் புதிதல்ல. 1945இல் பி.என். பணிக்கர் 47 நூலகங்களைச் சேர்த்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கத்தைத் தொடங்கினார். அப்போது செங்கோட்டையும் திருவிதாங்கூர்தான். இன்றைக்கும் மலைக்கு அந்தப்புறம் எந்த முக்கில் இறங்கினாலும் ஒரு வாயனசாலை (நம் வாசகசாலைதான்), வாசலில் ஒரு கேரம் போர்டு, அதைச் சுற்றி நாலு பேர். 1956 நவம்பர் 1 அன்று நாம் இந்தப்புறம் வந்தோம். திருவிதாங்கூரின் சங்கு முத்திரை வளைவை மட்டும் ஊர் வாசலில் வைத்துக்கொண்டு, வாசகசாலைப் பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டோம். 'ஆரம்பித்துவிட்டார் ஐயா' என்று முணுமுணுக்கும் பழைய வாசகர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

நிலம் இல்லை என்பார்கள். நம்பாதீர்கள். மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது நம் மாநில விதி. உங்கள் சுற்றுவட்டாரத்தில் அப்படிப் போட்ட நகர் ஏதாவது இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி வரைபட நகல் கேளுங்கள். வரைபடத்தில் பூங்கா என்று இருக்கும் இடத்தில் நேரில் போனால் யாருடைய மாட்டுக்கொட்டகை நிற்கிறது என்று பாருங்கள். மனுவில் 'மையம்' என்பதை அடித்துவிட்டு அந்த இடத்தின் சர்வே எண்ணை எழுதுங்கள்.

பூட்டு வேண்டாம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருப் பூங்காவில் ஊஞ்சல் இருக்கிறது. ஒரு பக்கச் சங்கிலி அறுந்து நைலான் கயிற்றில் நிற்கிறது. கேட்டில் பூட்டு. சாவிக்காரர் டீ குடிக்கப் போய் ஆறு மாதம் ஆகிறது. பிள்ளைகள் சுவர் ஏறிக் குதித்துவிடுகிறார்கள். குடும்பத்தோடு என்று எழுதியிருக்கிறீர்களே, பாட்டி எப்படிக் குதிப்பாள்?

வரைபட நகல் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். எத்தனை நாளில் கொடுத்தார்கள் என்று தெரிய வேண்டும். எங்கள் தெருவுக்கும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.