பலகையை எடுத்தது யார்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் பள்ளியில் கணித ஆசிரியை. போன வாரம் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு ‘ஹிட்டன் ஃபிகர்ஸ்’ படத்தைப் போட்டுக் காட்டினேன். நாசாவில் கணக்குப் போட்ட கேத்தரின் ஜான்சன், டோரதி வான், மேரி ஜாக்சன் என்ற மூன்று கறுப்பினப் பெண்களின் கதை. கறுப்பினப் பெண்களுக்கான கழிப்பறை என்ற பலகையை நாசா அதிகாரி கடப்பாரையால் அடித்துப் பெயர்க்கும் காட்சியில் வகுப்பே கைதட்டியது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. அந்தப் படத்தைப் பற்றிய உங்கள் பழைய குறிப்பை அன்றிரவு படித்தேன். அந்தக் காட்சியை எடுத்திருக்கவே கூடாது என்று ஒரே வரியில் தள்ளியிருக்கிறீர்கள். இரண்டு மணி நேரப் படத்தில் எல்லாமே நடந்தபடி இருக்க முடியுமா? பிள்ளைகள் மனதில் ஒரு நல்லது பதிந்தால் போதாதா? படத்தில் வரும் யூலர் முறை (விடையைத் தோராயமாகப் படிப்படியாக நெருங்கும் கணித முறை) சரிதானா? அடுத்து என்ன படம் காட்டலாம்?

(பெயர் தவிர்க்கப்பட்டது)

அன்புள்ள ஆசிரியைக்கு,

கணக்குப் பாடம் நடத்துகிற ஒருவருக்கு இந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியதே, அதற்கே உங்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். கண் கலங்கியதில் தப்பே இல்லை. யூலர் முறை உங்கள் பாடம், அதை நீங்களே சரிபார்த்துவிடலாம். கணக்கைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். விண்வெளி வீரர் ஜான் க்ளென் 1962 பிப்ரவரியில் பூமியைச் சுற்றிவரக் கிளம்பும் முன்பு, கணினி போட்ட கணக்கை ‘அந்தப் பெண்’, அதாவது கேத்தரின், ஒருமுறை பார்க்கட்டும் என்று கேட்டது உண்மை. படத்தில் அது சில நிமிடங்களில் முடிந்துவிடும். உண்மையில் கேத்தரின் ஜான்சன் மேசைக் கணிப்பானை வைத்துக்கொண்டு ஒன்றரை நாள் உட்கார்ந்து போட்டார். இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மாணவிகள் யாருக்காகக் கைதட்டினார்கள்?

கேத்தரினுக்காக அல்ல. கெவின் காஸ்ட்னர் நடித்த அந்த மேலதிகாரிக்காக. அப்படி ஒருவர் நாசாவில் இருந்ததே இல்லை, பல அதிகாரிகளைச் சேர்த்து உருவாக்கிய பாத்திரம் அது. கேத்தரின் மழையில் நனைந்துகொண்டு அரை மைல் ஓடுகிறாரே, அதுவும் அவருக்கு நடந்ததல்ல. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஹாம்ப்டன் ஊரை ஒட்டிய, பின்னாளில் நாசாவின் பகுதியான லாங்லி ஆய்வு மையத்தில் அவர் 1953-இல் சேர்ந்தார். அவர் வேலை பார்த்த பகுதியில் கறுப்பினப் பெண்களின் கழிப்பறைக்கு மட்டும்தான் பலகை. வெள்ளைக்காரப் பெண்களின் கதவில் ஒன்றும் எழுதியிருக்காது. கேத்தரின் பலகை இல்லாத கதவைத் திறந்துகொண்டு போனார். சில வருடம் கழித்து யாரோ முறையிட்டபோதும் காதில் போட்டுக்கொள்ளாமல் அங்கேயேதான் போய்வந்தார். கழிப்பறை தேடி அவமானப்பட்டவர் மேரி ஜாக்சன். எங்கே இருக்கிறது என்று கூட இருந்த வெள்ளைக்காரப் பெண்களிடம் கேட்டார். உங்களுக்கானது எங்கே என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர்கள் சிரித்தார்கள். தவிர, நாசா உருவான 1958-லேயே அங்கே தனித்தனி ஏற்பாடுகள் முடிவுக்கு வந்துவிட்டன. படம் நடப்பது 1961-62-இல்.

எல்லாம் நடந்தபடியே இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வெள்ளையர் பள்ளியில் நடந்த வகுப்பில் சேர மேரி ஜாக்சன் ஹாம்ப்டன் நகர நிர்வாகத்திடம் தனி அனுமதி கேட்டு வாங்கினார். படம் அதை நீதிமன்றக் காட்சி ஆக்கியது. ஆக்கட்டும். கேட்டவரும் மேரிதான், வாங்கியவரும் மேரிதான். டோரதி வான் 1949-லேயே பிரிவுத் தலைவியாகிவிட்டார். படத்தில் 1961-இலும் அதற்காகக் காத்திருக்கிறார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வருடத்தை மாற்றுங்கள், மூன்று பேரை ஒருவராக்குங்கள், ஆனால் செய்தவரை மாற்றாதீர்கள். ஒடுக்கப்பட்டவர் செய்ததை எடுத்து, அவரை ஒடுக்கிய அமைப்பின் மேல்நாற்காலியில் இருந்தவர் கையில் கொடுக்கிற உரிமை எந்த இயக்குநருக்கும் கிடையாது.

ஏனென்றால் லாங்லியில் நிஜமாகவே ஒரு பலகை எடுக்கப்பட்டது. எடுத்தவர் மிரியம் மான். 1943-இல் அங்கே கணக்குப் போடும் வேலையில் சேர்ந்த முதல் கறுப்பினப் பெண்களில் ஒருவர். மதியச் சாப்பாட்டுக்கு உணவகத்துக்குப் போனால், கடைசியில் இருக்கும் ஒரு மேசையில் ‘கலர்டு கம்ப்யூட்டர்ஸ்’ என்று எழுதிய சிறிய அட்டை நிற்கும். கணக்குப் போடும் கறுப்பினப் பெண்கள் இங்கேதான் உட்கார வேண்டும் என்று அர்த்தம். ஒருநாள் மிரியம் அதை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சில நாளில் புது அட்டை வந்தது. அதையும் எடுத்தார். மறுபடி வந்தது, மறுபடி எடுத்தார். வேலை போய்விடும் என்று கணவர் பயந்தார். போனால் போகட்டும் என்பதுதான் மிரியமின் பதில். கடைசியில் ஒருநாள் அட்டை வைக்கிறவர்கள் ஓய்ந்துபோனார்கள்.

இதைவிடப் பெரிய சினிமாக் காட்சி எங்கே கிடைக்கும், சொல்லுங்கள்? தட்டோடு வரிசையில் நிற்கிற பெண்கள், மூலையில் அந்த மேசை, யாரும் பேசவில்லை, ஒரு கை நீள்கிறது, கைப்பை மூடுகிற சத்தம் மட்டும். கடப்பாரை எதற்கு? இந்தக் கதை படத்துக்கு மூலமான புத்தகத்திலேயே இருக்கிறது. படம் எடுத்தவர்கள் கண்ணில் படாமல் போயிருக்காது. விட்டுவிட்டார்கள்.

‘ஒரு நல்லது பதிந்தால் போதாதா’ என்று கேட்கிறீர்கள். போதாது. ஓர் ஆசிரியை இப்படிக் கேட்கலாமா? பதிந்தது என்ன என்று பாருங்கள். அவமானம் நடந்தால் பொங்கி அழுதுவிட்டுக் காத்திரு, மேலே ஒரு நல்ல மனிதர் இருந்தால் அவர் வந்து உடைப்பார். பதினான்கு வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இதையா கொடுத்தனுப்புவது?

கொஞ்ச நாளாகவே இது என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது, உங்கள் கடிதம் அதைத் தொட்டுவிட்டது. கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டக் காலத்தைக் காட்டும், 1988-இல் வந்த ‘மிஸ்ஸிஸிப்பி பர்னிங்’ படத்தில் எஃப்.பி.ஐ.காரர்கள்தான் கதாநாயகர்கள். படம் காட்டுகிற காலமோ, அதே எஃப்.பி.ஐ. மார்ட்டின் லூதர் கிங்கை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த காலம். கிங் நடத்திய செல்மா ஊர்ப் பேரணியைப் பற்றிய ‘செல்மா’ படம் 2014-இல் வந்தபோது, அன்றைய ஜனாதிபதி லிண்டன் ஜான்சனுக்குரிய பெருமையைக் குறைத்துவிட்டார்கள் என்று பெரிய சண்டையே நடந்தது. செல்மா பேரணியே ஜான்சனின் யோசனைதான் என்றுகூட அவருடைய முன்னாள் உதவியாளர் பத்திரிகையில் எழுதினார். ஜனாதிபதியின் பங்கு குறைந்தால் கேட்க ஆள் உண்டு. மிரியம் மானின் பங்கு முழுக்கவே காணாமல் போனபோது அப்படி ஒரு சண்டை எங்கே நடந்தது?

லாங்லியின் கதவு அந்தப் பெண்களுக்குத் திறந்ததே யாருடைய நல்ல மனதாலும் அல்ல. ரயில் படுக்கைப் பெட்டிப் பணியாளர்களின் சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப், ராணுவத் தளவாடத் தொழில்களில் கறுப்பினத்தவருக்கு வேலை கொடுக்காவிட்டால் ஒரு லட்சம் பேரை வாஷிங்டனுக்குக் கூட்டிவருவேன் என்றார். பேரணி 1941 ஜூலை 1 என்று குறித்திருந்தார்கள். ஒரு வாரம் முன்பு, ஜூன் 25 அன்று, அந்தத் தொழில்களிலும் அரசு வேலைகளிலும் இனப் பாகுபாடு கூடாது என்ற ஆணையில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். இரண்டு வருடம் கழித்து டோரதி வான் லாங்லியில் சேர்ந்தார்.

அதற்கு முன் டோரதி என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? உங்களைப் போலக் கணித ஆசிரியை. வர்ஜீனியாவில் ஃபார்ம்வில் என்ற ஊரில், கறுப்பினப் பிள்ளைகளுக்கான மோட்டன் பள்ளியில். வருடச் சம்பளம் 850 டாலர். கோடை விடுமுறையில் ராணுவ முகாமின் சலவைக்கூடத்தில், மணிக்கு 40 சென்ட்டுக்கு வேலை பார்த்தார். லாங்லியில் கிடைத்தது 2,000 டாலர்.

அடுத்து என்ன படம் காட்டலாம் என்று கேட்டீர்கள். இப்போதைக்குப் படம் வேண்டாம். டோரதி பாடம் நடத்திய அந்தப் பள்ளியின் கதையைச் சொல்லுங்கள். இடம் போதாமல், தார் அட்டை போர்த்திய கொட்டகைகளில் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள். 1951 ஏப்ரலில், பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயது மாணவி சில தோழர்களோடு திட்டம் போட்டாள். பொய்யாக ஒரு தொலைபேசி அழைப்பு, தலைமையாசிரியர் ஊருக்குள் ஓடினார். அந்த இடைவெளியில் எல்லா மாணவர்களையும் அரங்கில் கூட்டி வேலைநிறுத்தத்துக்கு அழைத்தாள். 450-க்கும் மேற்பட்டவர்கள் வெளியே வந்தார்கள். அவர்கள் தொடுத்த வழக்கும் சேர்ந்துதான், பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வந்தது. வெள்ளைப் பிள்ளைகளோடு சேர்த்து உட்காரவைப்பதைவிட மூடிவிடுவது மேல் என்று, அந்த மாவட்டம் 1959 முதல் 1964 வரை தன் அரசுப் பள்ளிகள் அத்தனையையும் பூட்டியே வைத்தது. க்ளென் விண்வெளிக்குப் போன நாளிலும் அவை பூட்டித்தான் கிடந்தன.

இதைச் சொல்லி முடித்துவிட்டு, மிரியம் மானையும் சொல்லுங்கள். பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.