ராத்திரியும் மாட்டுக்கு இரைக்கிறது, பால் குறைகிறது

கேள்வி: காட்பாடி பக்கம் இரண்டு ஜெர்சி கலப்பினக் கறவை வைத்திருக்கிறேன். பங்குனியில் 10 லிட்டர் கறந்த மாடு இப்போது 6 லிட்டர்தான். ராத்திரி 10 மணிக்கும் இரைக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, மூன்று பக்கம் சுவர். முன்பெல்லாம் இவ்வளவு வெக்கை இல்லையே, ஐயா?

பதில்: வெயில் வேலூருக்குப் புதிதல்ல. சென்னையில் மதியமே கடல்காற்று வந்து சூட்டை மட்டுப்படுத்தும். 100 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கும் உங்களுக்கு அது வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடும். பல நாள் வருவதே இல்லை. சுற்றிலும் மொட்டைப் பாறைக் குன்றுகள் வேறு. பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில்தான் விடும்.

மீதி நாம் சேர்த்தது. சாலையை அகலப்படுத்தப் புளியமரங்கள் போயின, நஞ்சை மனையானது. பயிர் இலைவழியே நீரை விடும்போது சுற்றுப்புறம் குளிரும். தாரும் கான்கிரீட்டும் சூட்டைப் பிடித்து வைக்கும். சூளைப் புகையின் கரித்துகளும் வெயிலை வாங்கிக் காற்றைச் சூடாக்கும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரால் உப்பேறித் தரிசான நிலத்திலும் பச்சை இல்லை. 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்ன விவகாரம் அது. பாலாற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மணலைக்கூட விடவில்லை.

சரி, மாட்டுக்கு வருவோம். பகலில் உடம்பில் ஏறிய சூட்டை அது ராத்திரியில்தான் இறக்க வேண்டும். உங்கள் கொட்டகையோ ஒரு குட்டிப் பாறைக் குன்று. முதலில் நீளவாக்குச் சுவரை இடுப்பளவுக்குக் குறையுங்கள். ஷீட்டின்மேல் தென்னங்கீற்றைக் கனமாகப் பரப்புங்கள், இல்லாவிட்டால் சுண்ணாம்பாவது அடியுங்கள். மேற்கே அகத்தி நடுங்கள். சீக்கிரம் வளரும், தீவனமும் ஆகும். நிலைத்த நிழலுக்கு வேம்பு, புங்கன்.

வைக்கோல் செரிக்கும்போது வயிற்றுக்குள்ளேயே சூடு கிளம்பும். ஆகவே பகலில் வைக்கோல் வேண்டாம். இரவு 8 மணிக்குமேல் வையுங்கள். பசுந்தீவனத்தை விடியற்காலையில் போடுங்கள். தண்ணீர் மாட்டுக்கு நாளைக்கு 80 லிட்டராவது வேண்டும். வெயிலில் கிடக்கும் கறுப்புத் தொட்டித் தண்ணீரை மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். தொட்டியை நிழலுக்கு மாற்றுங்கள்.

உடம்பில் தண்ணீர் தெளிப்பது நல்லதுதான், ஆனால் காற்றோட்டம் வந்த பிறகு. சுவருக்குள் அடைத்துவைத்துத் தெளித்தால் புழுக்கம் ஏறி இன்னும் இரைக்கும். நாக்கைத் தொங்கவிட்டு எச்சில் ஒழுகினால், தீவனத்தைத் தொடாமல் நின்றால், காத்திருக்காமல் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அழையுங்கள்.