அண்ணன் பிள்ளைக்கு என்ன தைச்சுக் கொடுக்கலாம்?

கடிதம்:

அக்கா வணக்கம். நான் திருமங்கலம் பக்கம். எங்க மதினிக்கு இப்ப எட்டாவது மாசம். அண்ணனுக்கு முதல் குழந்தை, நான் ஒருத்திதான் அத்தை. அம்மாவோட பழைய மெரிட் மிஷின் என்கிட்ட இருக்கு. ஓரம் அடிக்கிறது, தலையணை உறை, நைட்டி பிரிச்சுத் தைக்கிறதுனு ஓரளவு வரும், ஜாக்கெட் வராது. குழந்தைக்கு என் கையால தைச்சுக் கொடுக்கணும்னு ரொம்ப ஆசை. ஆனா என் மாமியார் வீட்ல, அத்தை செய்முறைனா கடையில நல்ல டிரஸ்ஸா எடுத்துத் தட்டுல வைக்கணும், வீட்ல தைச்சுக் கொண்டு போனா காசுக்குப் பார்த்துட்டானு பேசுவாங்கங்கிறாங்க. எங்க அம்மா வேற, பிள்ளை பொறக்குறதுக்கு முன்னாடி துணி தைக்கக் கூடாதுங்கிறாங்க. என்ன துணி எடுக்க, என்ன தைக்க? நாத்தனார் பொண்ணுக்கு 3 வயசு, அவளுக்கும் ஏதாச்சும் தைக்கணும், இல்லைனா ஏங்கிப் போயிரும். பேர் வைக்கிற அன்னிக்கு வர்றவங்களுக்குக் கொடுக்கவும் ஏதாச்சும் சொல்லுங்க. இன்னொண்ணு, மெல்லிசு துணி வச்சா மிஷினுக்கு அடியில நூல் பந்து பந்தா சேருது, எதனால? பேர் போட வேண்டாம் அக்கா.

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதல்ல தட்டு விஷயத்தை முடிச்சிருவோம். சபையில வைக்கிற தட்டுக்கு உங்க மாமியார் சொல்ற மாதிரி கடையில ஒரு டிரஸ் எடுத்து வச்சிருங்க, அதுல சண்டையே வேண்டாம். நீங்க தைச்சதைத் துவைச்சு மடிச்சு ஒரு துணிப்பையில போட்டு, கூட்டமெல்லாம் போனப்புறம் மதினி கையில கொடுங்க. தட்டுல வந்த டிரஸ்ஸை ஒரு நாள் போட்டு போட்டோ எடுத்துட்டு பீரோவுல வச்சிருவாங்க, நீங்க கொடுத்தது மறுநாள் காலையில இருந்தே கொடியில காய ஆரம்பிச்சிரும். மதினி அதை எத்தனை தடவை எடுத்து மாட்டுறாங்கனு ஒரு மாசம் கழிச்சுப் பாருங்க, அதுக்கப்புறம் யார் என்ன பேசுனாலும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது.

உங்க அம்மா சொல்றதையும் மீற வேண்டாம். மதுரைப் பக்கம் பாதி வீட்ல இந்த வழக்கம் இருக்கு, பிள்ளை பொறந்து வீட்டுக்கு வர்ற வரைக்கும் புதுத்துணி சேர்க்க மாட்டாங்க, முதல் நாட்கள்ல தாத்தாவோட பழைய வேட்டியைக் கிழிச்சுத்தான் சுத்துவாங்க, பிள்ளைக்கும் அதுதான் சுகம், பல தடவை துவைச்சு கஞ்சியெல்லாம் போய் பூ மாதிரி ஆன துணி அது. அதனால இந்த ரெண்டு மாசத்துல தைக்காதீங்க, தயார் மட்டும் பண்ணுங்க, துணி வாங்கி நனைச்சு வைங்க, நியூஸ் பேப்பர்ல அளவு வெட்டி வைங்க. துணியை ஒரு ராத்திரி தண்ணியில ஊறப்போட்டு நிழல்ல காயவச்சு அயர்ன் பண்ணிட்டுத்தான் கத்திரிக்கோலை எடுக்கணும், காட்டன் முதல் தண்ணியில நூத்துக்கு 3லிருந்து 5 வரைக்கும் சுருங்கும், 10 இன்ச் சட்டையில அரை இன்ச் போச்சுன்னா பிள்ளை வயிறு தெரியும்.

துணி எதுன்னு கேட்டா மல் துணி, இல்லைனா கேம்பிரிக், ரெண்டும் மெல்லிசு காட்டன், அவ்வளவுதான். நம்ம ஊர் வெயிலுக்கு பாலியஸ்டர் கலந்தது எதையும் பச்சைப் பிள்ளை மேல போடாதீங்க, கழுத்து மடிப்புல வேர்க்குரு வந்து ராத்திரி பூரா அழும். இதுல எனக்கு ஒரு ஆத்தாமையே உண்டு. சித்திரை மாசத்துல கல்யாண மண்டபத்துக்குப் போனா நைலான் நெட் கவுனு மாட்டி விட்ட ஒரு வயசுக் குழந்தைங்க கழுத்தைச் சொறிஞ்சுக்கிட்டு அழுதுகிட்டே இருக்கும், பெத்தவங்க பசினு நினைச்சு பாட்டிலைத் தேடுவாங்க, அந்தக் கவுனைக் கழட்டி விட்டா அடுத்த நிமிஷம் சிரிக்கும்.

இப்ப தைக்கிறதுக்கு வருவோம். பொறந்த பிள்ளைக்கு ஜப்லா, அதாவது கைக்குழந்தைக்குப் போடுற லூசான சின்னச் சட்டை. இதுல ஒரு விஷயம் மனசுல வைங்க, பொறக்கும்போது தலையோட சுத்தளவு மார்போட சுத்தளவை விட ஒரு பொடி பெருசா இருக்கும், தலை பதிமூணரை இன்ச்சுக்குப் பக்கம், மார் 13 இன்ச்சுக்குப் பக்கம், ஒரு வயசு வாக்குலதான் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சமமா வரும். அதனால தலை வழியா மாட்டுற சட்டையே முதல் மாசங்களுக்கு வேண்டாம், கழுத்தும் நிக்காத பிள்ளை. முன்பக்கம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி பக்கவாட்டுல நாடா கட்டுற மாதிரி தைங்க, படுக்கப் போட்டு கையை மட்டும் விட்டு மூடிரலாம். முதுகுல கட்டுறது கூடாது, பிள்ளை நாள் முழுக்க அந்த முடிச்சு மேலதான் படுத்திருக்கும். மார்புச் சுத்தளவு 18 இன்ச், நீளம் 11 வச்சு வெட்டுங்க, கை தனியா வச்சுத் தைக்காம உடம்போட சேர்த்தே வெட்டிருங்க, உங்களுக்கு ஜாக்கெட் வராட்டியும் இது வந்துரும். 44 இன்ச் அகலத் துணின்னா ஒரு மீட்டர்ல ரெண்டு தாராளமா வரும்.

நாடா கழுத்துப் பக்கம் வரவே கூடாது, இதை ரெண்டு தடவை படிச்சுக்கோங்க. ஐரோப்பாவுல 7 வயசுக்குள்ள பிள்ளைங்க துணியில தலை, கழுத்துப் பக்கம் இழுத்துக் கட்டுற கயிறே வைக்கக் கூடாதுன்னு தர விதி இருக்கு, எங்கயாவது மாட்டி கழுத்தை இறுக்கிரும்னுதான். இடுப்புப் பக்கம் வைக்கிற நாடாவும் 5, 6 இன்ச் போதும். பட்டன் மூணு வயசு வரைக்கும் வேண்டாம், பிஞ்சு வந்தா நேரா வாய்க்குத்தான் போகும்.

உள்தையல் உறுத்தக் கூடாதுன்னா பிரெஞ்ச் சீம் போடுங்க. பேருதான் பெருசு, வேலை சுலபம். துணியோட நல்ல பக்கம் வெளிய தெரியுற மாதிரி வச்சு முதல்ல கால் இன்ச்ல ஒரு தையல், அந்த ஓரத்தைப் பாதியா நறுக்கிட்டு, உள்பக்கமாத் திருப்பி நகத்தால நீவி மறுபடி கால் இன்ச்ல ஒரு தையல், பிசிறெல்லாம் உள்ளேயே அடைஞ்சு போயிரும், ஓரம் பிரியாம அடிச்சுக் கொடுக்கிற ஓவர்லாக் கடைக்கு அலைய வேண்டாம்.

அடுத்து நாத்தனார் பொண்ணு. உங்க கடிதத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்த வரிதான். புதுப் பிள்ளை வந்தா எல்லாரும் தொட்டிலையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க, ஏற்கெனவே இருக்கிற பிள்ளை கதவோரம் நிக்கும். அவளுக்குப் பாடி வச்ச பாவாடை தைங்க, அதாவது மேல கையில்லாத சட்டை மாதிரி ஒரு பகுதி சேர்த்த பாவாடை, பழைய சுங்குடிச் சேலையில. இடுப்புல நாடாவோ எலாஸ்டிக்கோ இறுக்குனா தடம் விழும், பாடி வச்சா தோள் தாங்கிக்கும். சுங்குடி நம்ம மதுரை சௌராஷ்டிரா வீடுகள்ல காலங்காலமா முடிச்சுப் போட்டு சாயம் ஏத்துற துணி, 2005-ல புவிசார் குறியீடும் வாங்குனது, கையில முடிச்சுப் போட்ட சேலைன்னா புள்ளி ஒவ்வொண்ணும் ஒரே மாதிரி இருக்காது, விரலுக்குத் தட்டுப்படும், பிள்ளைங்க அதைத் தடவிப் பார்த்துக்கிட்டே இருக்கும். இப்ப நிறைய பிரிண்ட்தான் வருது, பிரிண்ட்டா இருந்தாலும் துணி காட்டனா இருந்தா பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. உங்க அம்மாகிட்டயோ மாமியார்கிட்டயோ கேளுங்க, மாமியார்கிட்ட கேட்டா இன்னும் நல்லது, அவங்க சேலையில பேத்திக்குத் தைக்கிறீங்கன்னா அப்புறம் வீட்ல தைச்சதுனு யார் குறை சொல்றாங்கனு பார்ப்போம்.

பழைய சேலையில எந்த இடத்தை வெட்டணும்னு தெரியணும். உக்காந்து எந்திரிக்கிற பகுதி நைஞ்சிருக்கும், அதை விட்ருங்க. முந்தியும், உள்ள சொருகுற முதல் சுத்தும்தான் தெம்பா இருக்கும். வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பார்த்து, ரெண்டு கட்டைவிரலாலயும் நல்லா இழுத்துப் பாருங்க, இழை விலகுனா பாவாடைக்கு ஆகாது. சேலை அகலம் 46 இன்ச் இருக்கும், ரெண்டு பக்கமும் பார்டர் இருந்தா நடுவுல வெட்டுனா ரெண்டு பாவாடைக்கு ஆச்சு, பார்டர் கீழ வந்துரும், அடி மடிச்சுத் தைக்கிற வேலையும் கிடையாது. சுத்துக்கு இடுப்பு அளவைப் போல ரெண்டரை மடங்கு எடுங்க.

கடைத் துணியால முடியாத விஷயம் ஒண்ணு இந்தப் பாவாடையில செய்யலாம், நான் வீட்ல தைங்க தைங்கனு எல்லார்கிட்டயும் சொல்றதே இதுக்காகத்தான். ரெடிமேட் டிரஸ் எதையாவது திருப்பிப் பாருங்க, ஓவர்லாக் ஓரமா கால் இன்ச் துணி இருந்தா அதிகம், பிள்ளை வளர்ந்தா தூக்கிப் போட வேண்டியதுதான், நூறு நூறா வெட்டுற இடத்துல உள்ள துணி விட்டா அவங்களுக்குக் கட்டாது. நமக்கு ஒரே ஒரு பிள்ளை, துணியை உள்ள வச்சுத் தைக்கலாம். பாதியா வெட்டுன சேலையில 23 இன்ச் நீளம் கிடைக்கும், 3 வயசுப் பொண்ணுக்கு இடுப்புல இருந்து கணுக்கால் வரைக்கும் 18, 19 இன்ச் போதும், மீதியைப் பார்டருக்கு மேல ரெண்டு டக்கா, அதாவது குறுக்கால மடிச்சுத் தைச்ச மடிப்பா பிடிச்சிருங்க. ஒரு இன்ச் டக் ரெண்டு இன்ச் துணியை உள்ள வாங்கும். இந்த வயசுல பிள்ளைங்க வருஷத்துக்கு ரெண்டு, ரெண்டரை இன்ச் உயரும், அதுலயும் காலுக்குப் போறது பாதிக்குக் கொஞ்சம் மேல, அப்ப ஒரு டக்கைப் பிரிச்சு விட்டா ஒரு வருஷத்துக்கு மேலயே ஓடும். டக்கை மட்டும் மிஷின்ல தையல் நீளத்தைப் பெருசா வச்சு அடிங்க, பிரிக்க லேசா இருக்கும். பிரிச்ச இடத்துல பழைய மடிப்பு கோடாத் தெரியும், வெளுக்காத துணி வேற கொஞ்சம் கருப்பாத் தெரியும், அது மேல ஒரு ஜிக்ஜாக் லேஸ் வச்சு அடிச்சா புதுப்பாவாடை மாதிரி ஆயிரும். பாடிக்கும் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இன்ச் உள்ள விடுங்க. அஞ்சு வயசு வரைக்கும் அவ அதைப் போட்டுக்கிட்டு அத்தை தைச்சதுனு ஊரெல்லாம் சொல்லுவா.

லேஸ், நாடா, பைப்பிங் எல்லாம் வாங்க டவுனுக்குத்தான் வரணும். மீனாட்சி கோயிலுக்கு எதிர்ல இருக்கிற புது மண்டபம்னு போய் நின்னுறாதீங்க. திருமலை நாயக்கர் கட்டுன அந்த மண்டபத்துத் தூணுங்களுக்கு நடுவுல மிஷினைப் போட்டு, சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம் போடுறவங்க டிரஸ்ஸையெல்லாம் தைச்சுக்கிட்டு இருந்த டெய்லருங்களும் அங்க இருந்த கடைக்காரங்களும் இப்ப குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிட்டாங்க. துணிக்கு விளக்குத்தூண் பக்கம் போங்க. மல் துணி கேக்கும்போது லைனிங் துணியை எடுத்துப் போட்டா வாங்கிறாதீங்க, கையில கசக்கிப் பாருங்க, காட்டன்னா கசங்குன மாதிரியே நிக்கும்.

பேர் வைக்கிற அன்னிக்குக் கொடுக்கிறதுக்கு தாம்பூலப் பை தைங்க. தமிழ்நாட்டுல பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரியிலயே தடை வந்தாச்சு, 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பைனு அரசாங்கமே ஆரம்பிச்சாங்க, அதனால துணிப்பை கொடுத்தா யாரும் குறைவா நினைக்க மாட்டாங்க. துணி வாங்கவே வேண்டாம், பீரோவைத் திறங்க, வெத்தலை பாக்கோட வச்சுக் கொடுத்த ஜாக்கெட் பிட்டு யார் வீட்லயும் ஒரு அடுக்கு இருக்கும், அங்கிட்டு இங்கிட்டு கைமாறிக்கிட்டே கிடக்கிற துணி. ஒரு பிட்டு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொண்ணரை இன்ச். அகலம் 36 இருந்தா 10 இன்ச் அகலம் 26 இன்ச் நீளத்துல மூணு துண்டு வரும், ஒவ்வொண்ணையும் மடிச்சு ரெண்டு பக்கமும் அடிச்சா ஒரு பை, ஓரத்துல மிச்சம் விழுறதுல கைப்பிடியும் வந்துரும். தேங்காய் வைக்கிறதா இருந்தா துணியை ரெண்டு மடிப்பா போடுங்க, கைப்பிடி சேருற இடத்துல சதுரமா அடிச்சு நடுவுல பெருக்கல் குறி மாதிரி குறுக்கால ரெண்டு தையல் கொடுங்க, அங்கதான் முதல்ல பிய்யும்.

நேரம் இருந்தா ஒரு துணிப் பொம்மை. கண்ணு மூக்கு எல்லாம் நூல்லயே தைங்க, பாசி பட்டன் வேண்டாம். இலவம் பஞ்சு போடி பக்கத்துல இருந்து நல்லாவே வருது, ஆனா மெல்லிசு இழை, தையல் இடுக்குல பறக்கும், உள்ள தனியா ஒரு பை தைச்சு அதுல அடைச்சுத்தான் பொம்மைக்குள்ள வைக்கணும். மூணு வயசுக்காரிக்குத் தாராளமா கொடுங்க, கைக்குழந்தை தூங்கும்போது மட்டும் பக்கத்துல வைக்க வேண்டாம், ஒரு வயசு வரைக்கும் தூங்குற இடத்துல பொம்மை, தலையணை எதுவும் கூடாதுன்னுதான் குழந்தை டாக்டருங்க சொல்றாங்க.

மிஷினுக்கு வர்றேன். அடியில நூல் பந்தா சேர்ந்தா எல்லாரும் அடி நூல் சுத்தி வைக்கிற பாபினைத்தான் நோண்டுவாங்க, பெரும்பாலும் கோளாறு மேல் நூல்ல இருக்கும். துணியை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வச்சுட்டு மேல் நூலை முழுசா உருவி மறுபடி கோர்த்துப் பாருங்க, ஃபுட் இறங்கி இருக்கும்போது கோர்த்தா நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுக்குள்ள நூல் போய் உக்காராது. மெல்லிசு துணிக்கு 14-ம் நம்பர் ஊசியும் தடிமன், 11 போடுங்க, புது ஊசி. தைக்க ஆரம்பிக்கும்போது ரெண்டு நூலையும் பின்னால இழுத்து விரலால பிடிச்சுக்கோங்க. அப்பவும் துணியைக் கீழ இழுத்துச்சுன்னா அடியில ஒரு நியூஸ் பேப்பர் துண்டு வச்சு சேர்த்தே தைச்சுட்டு அப்புறம் கிழிச்சு எடுத்துருங்க. பாபின் பெட்டியில சேர்ந்திருக்கிற பஞ்சுத் தூசியைத் துடைச்சு மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விடுங்க, எண்ணெய் விட்டதும் நேரா பிள்ளைத் துணியைத் தைக்காம ஒரு பழைய துண்டுத் துணியில நாலு வரி ஓட்டிட்டு ஆரம்பிங்க, இல்லைனா மல் துணியில கறை ஏறிரும்.

மதினி நல்லபடியா பெத்துப் பிழைக்கட்டும். பிள்ளை பொறந்ததும் எழுதுங்க, ஆறு மாசத்துக்கு மேல போடுற சட்டைக்கு அளவு தனியா சொல்றேன்.

அன்புடன்,
அக்கா